அத்தியாயம் 6: கண் சிகிச்சை முகாம் நடத்துவது எப்படி?

ஊரில் லயன்ஸ் சங்கமோ ரோட்டரி சங்கமோ இருந்தால் ஆண்டுக்கு ஒரு கண் முகாமாவது நடந்துவிடும். ரத்ததானம், மரக்கன்று, அரசுப் பள்ளிக்கு மேசை நாற்காலி என்ற வழக்கமான பட்டியலில் இதற்கும் நிரந்தர இடம் உண்டு. லயன்ஸ் சங்கங்களுக்கு இது நூறாண்டுக் கடமை. 1925இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றோருக்காகப் பாடுபட வாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து கண் பணி அந்த இயக்கத்தின் அடையாளமாகிவிட்டது.

வழக்கமான வேலை என்பதாலேயே பல ஊர்களில் முகாம் ஒரு சடங்காகவும் ஆகிவிட்டது. ஃபிளெக்ஸ், குத்துவிளக்கு, பொன்னாடை, குழுப்படம், மறுநாள் பத்திரிகையில் “300 பேர் பயன்பெற்றனர்” என்று ஒரு பத்தி. அந்த 300 பேரில் எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது? அவர்களில் எத்தனை பேர் பஸ் ஏறினார்கள்? திரும்பி வந்தபின் எத்தனை பேர் சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டார்கள்? இப்படிக் கேட்டால் தலைவர் செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். இந்த மூன்று கேள்விக்கும் கையில் பதில் வைத்திருக்கும் முகாமை நடத்துவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

1. யார் வேலை எது?

முகாமில் மூன்று தரப்பு உண்டு. கண் மருத்துவமனை, மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம், உங்கள் சங்கம். நோட்டீஸில் மூன்று பெயரும் இருக்கும். யார் எதைச் செய்வது என்பதை மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை. முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையின் பொறுப்பு: மருத்துவர், செவிலியர், கருவிகள், பரிசோதனை, அறுவை சிகிச்சை, லென்ஸ், மருந்து, அங்கே தங்கும் நாட்களில் சாப்பாடு. போக வர பஸ் யாருடையது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்திடமிருந்து வரும் அனுமதியையும் மானியத்தையும் பெரும்பாலும் மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

உங்கள் சங்கத்தின் பொறுப்பு: இடம், விளம்பரம், தொண்டர்கள், தண்ணீர், சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வரவேண்டியவரை வரவைப்பதும், போய்வந்தவரைத் தொடர்ந்து பார்ப்பதும். கடைசி இரண்டையும் உங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது. மருத்துவமனைக்கு ஊர் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பழைய உறுப்பினர்கள் சிலர், “அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்திலேயே பந்தல் போட்டு ஆபரேஷன் செய்தோமே” என்பார்கள். செய்தது உண்மைதான். கிருமித்தொற்று அபாயம் கருதி அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டும்தான், அறுவை சிகிச்சை மருத்துவமனையின் அறுவை அரங்கில்தான். இதில் பேரம் வேண்டாம்.

2. தேதியும் இடமும்

பொதுவாக ஞாயிற்றுக்கிழமை நடத்துகிறோம், பள்ளிக் கட்டடம் கிடைக்கிறது என்பதால். ஆனால் அறுவைக்குத் தேர்வாகிறவர் ஞாயிறன்றே பஸ் ஏறினால் வீடு திரும்பச் செவ்வாய், புதன் ஆகிவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்க்காமல் அடுத்த மூன்று நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். நடவு, அறுவடை, களையெடுப்பு நடக்கிற வாரம் வேண்டாம். உள்ளூர்க் கோயில் கொடை, பெரிய முகூர்த்தம், நூறு நாள் வேலை மும்முரமாக நடக்கும் வாரம் ஆகியவற்றையும் தவிருங்கள். ஊரில் நாலு பெரியவர்களிடம் கேட்டால் நல்ல தேதி கிடைக்கும். நாட்காட்டியை மட்டும் பார்த்தால் கிடைக்காது.

இடம் என்றால் மண்டபத்தை நினைக்காதீர்கள், டவுன் பஸ் நிற்கிற இடத்தை நினையுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அந்த பஸ் வரும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் நோட்டீஸிலேயே அச்சடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கட்டடத்துக்குள் பார்க்க வேண்டியவை:

• பார்வை அளக்கும் எழுத்துப் பலகைக்கும் நாற்காலிக்கும் இடையே 6 மீட்டர் நீளம் கிடைக்கும் வராந்தா அல்லது அறை.
• ஜன்னலை அடைத்து இருட்டாக்கக்கூடிய ஓர் அறை. விழித்திரையைப் பார்க்க அது வேண்டும்.
• படி ஏறாமல் எல்லா அறைக்கும் போகும் வழி. முதல் மாடியில் மருத்துவர் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காரர் பாதியில் வீட்டுக்குப் போய்விடுவார்.
• தண்ணீர் வரும் கழிப்பறை. முதல் நாள் மாலையே திறந்து பாருங்கள்.
• மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடு.

3. வாசல்வரை போதல்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

ஊர் ஊராக முகாம் நடக்கிறதே, யாருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். 1990களில் மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. கண் குறை இருந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, “இருக்கிற பார்வையை வைத்து ஓட்டிக்கொள்ளலாம்” என்ற நினைப்பு எனக் காரணங்கள் பல. வராதவர்களில்தான் பார்வை அதிகம் போனவர்கள் இருப்பார்கள். வாசலைத் தாண்டவே இன்னொருவர் கை வேண்டியவர், மைக் சத்தம் கேட்டு எழுந்து வரப்போவதில்லை.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது வேண்டியதுதான். பிட் நோட்டீஸும் வேண்டும், ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். தண்டோராவை மட்டும் நினைக்காதீர்கள், அந்த வழக்கத்தை நிறுத்தும்படி 2022இல் தமிழக அரசு சொல்லிவிட்டது. இவை அனைத்தும் கண் தெரிகிறவர்களுக்குச் செய்தி சொல்லும். கண் தெரியாதவரைத் தேடித்தான் போக வேண்டும்.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே ஊரைத் தெருவாரியாகப் பிரியுங்கள். ஒரு தெருவுக்கு உறுப்பினர் ஒருவர், அந்தத் தெருவின் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர். கிராம சுகாதாரச் செவிலியரையும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலரையும் முதலில் பாருங்கள். எந்த வீட்டில் யாருக்குக் கண் மங்கல் என்று அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கும்.

வாசலில் பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி. தென் மாவட்டக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுப் பெண்ணிடம்:

“ஆத்தா, கண்ணு எப்படி இருக்கு?”

“எனக்கென்னப்பா, நல்லாத்தான் தெரியுது. வீடும் வாசலும்தானே, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன்.”

“சரி, வலது கண்ணைக் கையால பொத்திக்கங்க. இப்ப நான் எத்தனை விரல் காட்டுறேன்?”

“நீ கையைத் தூக்கியிருக்கேன்னு தெரியுது.”

“எப்ப இருந்து இப்படி?”

“போன பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடியே. புரை முத்தட்டும்னு இருக்கேன்.”

“முத்த வேண்டியதில்லை ஆத்தா, இப்பவே எடுத்துடலாம். உள்ளே லென்ஸ் வச்சுடுவாங்க.”

“அதுசரி, யாரு கூட்டிட்டுப் போவா? மகன் திருப்பூர்ல கிடக்கான். ரெண்டு ஆட்டுக்குட்டி வேற நிக்குது.”

“தெரியுது” என்று தொடங்கியவர் நாலு வரியில் உண்மையான தடையைச் சொல்லிவிட்டார். பயமும் காசும் அல்ல, ஆட்டுக்குட்டிதான். பக்கத்து வீட்டில் யாராவது மூன்று நாள் ஆட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டால் இவர் வருவார். அந்த ஏற்பாட்டைச் செய்வதுதான் சங்கத்தின் சேவை. இதற்கு எந்த மேடையிலும் பொன்னாடை கிடையாது.

மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லி, வெளிச்சத்தில் விரல் எண்ணச் சொல்வது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. யாரைக் கட்டாயம் அழைத்துவர வேண்டும் என்று காட்டும் அடையாளம். அரசுத் திட்டத்தில் பார்வையிழப்புக்கான வரையறையே ஏறத்தாழ இந்தத் தூரத்தில்தான் நிற்கிறது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் கேட்காதீர்கள். ஒரு கண் முழுதும் போயிருப்பது, மறு கண்ணைப் பொத்தும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

நோட்டில் ஏழு கட்டம் போடுங்கள்: பெயர், வயது, தெரு, வீட்டில் யாருடைய போன், எந்தக் கண், தடை என்ன, துணைக்கு யார். ஆறாவது கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் அந்த வீட்டில் சரியாகப் பேசவில்லை என்று பொருள்.

வாசலில் அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலைப் பயிற்சி செய்துகொண்டு போங்கள்.

“இலவசம்னா ஒழுங்கா செய்வாங்களா?” பணம் கட்டும் நோயாளிகளின் வருமானம், அரசின் மானியம், நன்கொடை ஆகியவற்றால்தான் இலவசச் சிகிச்சை நடக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த வழியில்தான் வளர்ந்தது. கட்டணம் கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் அறையும் வசதியும் மாறும், மருத்துவர் மாறுவதில்லை.

“புரை முத்தணும்ல?” முன்பு லென்ஸ் வைக்காத காலத்தில் அப்படிக் காத்திருந்தார்கள். இப்போது வேலைக்கு இடைஞ்சலாகும் அளவு மங்கினாலே எடுத்துவிடலாம். ரொம்ப முற்றவிட்டால் அறுவை சிகிச்சை சிரமமாகும், கண் அழுத்தம் கூடும் ஆபத்தும் உண்டு.

“கண்ணைப் பிடுங்கி வெளியே வைப்பாங்களாமே?” சிரிக்காதீர்கள். இன்றும் பலர் நம்புகிறார்கள். ஊரில் ஏற்கெனவே அறுவை முடித்த ஒருவரை உடன் அழைத்துப் போவதைவிட நல்ல பதில் இதற்கு இல்லை.

4. முகாம் நாள்

தொடக்க விழாவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பதிவைத் தொடங்கிவிட்டு வையுங்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை நோயாளிகள் வெயிலில் நிற்கும் முகாம்கள் நிறைய. சிலர் வெறும் வயிற்றோடு, சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பார்கள். விருந்தினர் எப்போது வந்தாலும் பத்து நிமிடம், வரிசை நிற்காமல் விழா நடக்கட்டும்.

வரிசை இந்த ஒழுங்கில் போக வேண்டும்: பதிவு, பார்வை அளவு, முதல்நிலைப் பரிசோதனை, கண் அழுத்தமும் கண்ணீர்ப்பைச் சோதனையும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும், கண்ணாடி அளவு, மருத்துவர், கடைசியாக ஆலோசனை. மருத்துவமனைக் குழு இதை வரைந்தே தரும். ஒவ்வொரு நிலைக்கும் இடையில் ஒரு தொண்டர் நிற்க வேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்களுக்கு ஒரே விதி: கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கையை அவர் பிடிக்கட்டும். பார்வை மங்கியவர் முன்னால் நடப்பவரின் அசைவைப் பிடித்தே படி இறங்குவார்.

முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படாது. நாற்பது தாண்டியவருக்கு வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். பூக்கட்டுகிறவர், தையல்காரர், பீடி சுற்றுகிறவர், அரிசியில் கல் பொறுக்குகிறவர் என எத்தனையோ பேருக்கு அந்தக் கண்ணாடி அன்றைய கூலி. அளவு பார்த்துச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் கடைக்குப் போகமாட்டார்கள். அங்கேயே கண்ணாடி கிடைக்கும்படி மருத்துவமனையிடம் முன்கூட்டியே பேசுங்கள். சங்கத்தின் நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது ஷாமியானாவை அலங்கரிப்பதைவிடப் பயன் தரும்.

சிலருக்குக் கண்ணாடியும் உதவாது, அறுவையும் உதவாது. கண் அழுத்த நோயால் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற மட்டுமே முடியும். “முகாமுக்கு வந்தால் கண் தெரிந்துவிடும்” என்று மைக்கில் சொல்லாதீர்கள். “கண்ணைப் பார்த்துச் சொல்வார்கள்” என்று மட்டும் சொல்லுங்கள்.

5. பஸ் ஏற்றும் முன்

50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே 2015–19இல் நடந்த தேசிய ஆய்வில், பார்வையிழந்தவர்களில் மூவரில் இருவருக்குக் காரணம் கண்புரை. அதாவது ஒரு சிறு அறுவையில் திரும்பக்கூடிய பார்வை. ஆனால் முகாமில் “ஆபரேஷன் வேண்டும்” என்று எழுதப்பட்டவர் பஸ்ஸில் ஏறும்வரை நிச்சயம் இல்லை. “வீட்டுல கேட்டுட்டு வர்றேன்” என்று சொல்லி நழுவுகிறவர்கள்தான் அதிகம். வீட்டில் கேட்க வேண்டியதை இரண்டு வாரம் முன்பே கேட்டுவிட்டால் இந்த நழுவல் குறையும். இருந்தாலும் ஆலோசனை மேசைக்குப் பக்கத்தில் போனுடன் ஓர் உறுப்பினர் உட்காரட்டும். திருப்பூரில் இருக்கும் மகனிடம் அங்கிருந்தே பேசி, அம்மாவிடம் போனைக் கொடுக்கட்டும்.

முகாமுக்கு வரும்போதே கொண்டுவரச் சொல்ல வேண்டியவை: ஆதார் அட்டை, மாற்று உடை, சோப்பு, துண்டு, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், பழைய மருந்துச் சீட்டு. நகையும் பெருந்தொகையும் வேண்டாம்.

பஸ்ஸில் பெயர்ப் பட்டியல் இரண்டு நகல். ஒன்று உடன் போகும் உறுப்பினரிடம், ஒன்று ஊரில் இருப்பவரிடம். ஏறும்போது எண்ணுங்கள், திரும்பும்போதும் எண்ணுங்கள். திரும்பும் பஸ் எந்நேரம் வந்தாலும் ஒவ்வொருவரையும் அவரவர் ஊரில் இறக்குங்கள். கண்ணில் கட்டோடு ஒருவரை இரவில் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனால், அடுத்த முகாமுக்கு அந்த ஊரிலிருந்து ஆள் வராது.

பஸ் ஏறாதவர்களில் ஒரு கூட்டம் உண்டு. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடுதலாக இருப்பதால் “கட்டுப்படுத்திவிட்டு வா” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பெரும்பாலான முகாம்களில் இவர்களை அத்தோடு யாரும் நினைப்பதில்லை. இவர்கள் பெயரைத் தனிப் பக்கத்தில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கவைத்து, அளவு இறங்கியதும் மருத்துவமனையிடம் பேசி அனுப்பிவையுங்கள். அடுத்த முகாம்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

6. திரும்பி வந்தபின்

கண்புரை அறுவை சிறியதுதான். அதற்குப் பிந்தைய நாட்களில்தான் கவனம் வேண்டும். மருத்துவமனை சொன்ன நாள்வரை சொட்டு மருந்து போட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. தனியாக இருப்பவருக்குச் சொட்டு மருந்து போட யார் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி ஒருத்தி போதும்.

முதல் வாரம் இரண்டு முறையாவது வீட்டுக்குப் போங்கள். நன்றாக இருந்த கண்ணில் வலி, சிவப்பு, சீழ், திடீர் மங்கல் ஆகியவற்றில் எது இருந்தாலும் “நாளைக்குப் பார்க்கலாம்” என்ற பேச்சே கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து அனுப்பிவைக்க வேண்டும். இதற்கான வண்டிச் செலவைத் திட்டச் செலவில் முன்பே சேர்த்துவையுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை இருக்கும். அப்போதுதான் பார்வை எந்த அளவு வந்திருக்கிறது, கண்ணாடி வேண்டுமா, மறு கண்ணுக்கு எப்போது என்பதெல்லாம் தெரியும். இந்த நாளுக்கு ஆள் திரட்டுவது முதல் முகாமைவிடக் கடினம். கண் தெரிய ஆரம்பித்தவர் வயலுக்குப் போயிருப்பார்.

7. பணமும் கணக்கும்

நன்கொடையாளர் சிலர் “என் பேரில் 50 பேருக்கு ஆபரேஷன்” என்று கேட்பார்கள். சிகிச்சைச் செலவு மருத்துவமனையுடையது என்றால் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். நோட்டீஸ், மைக், சாப்பாடு, கண்ணாடி, வண்டி, தொடர்கவனிப்பு என்று உண்மையான தலைப்புகளைச் சொல்லி வாங்குங்கள். வரிச்சலுகை கேட்பவரிடம் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் அறக்கட்டளைக்கு அதற்கான அங்கீகாரம் இருந்தால்தான் சலுகை, இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்கி, ரசீது கொடுத்துவிடுங்கள்.

8. ஒப்படைப்பு

சேவைச் சங்கங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. லயன்ஸிலும் ரோட்டரியிலும் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாறுவார்கள். ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று மே, ஜூனில் முகாம் வைப்பார்கள். மறுபரிசோதனை ஜூலையில் வரும். அப்போது பழைய நிர்வாகம் பொறுப்பில் இருக்காது, புதிய நிர்வாகத்துக்குப் பதவியேற்பு விழா வேலை. நடுவில் நோயாளி கைவிடப்படுகிறார்.

இதற்கு இரண்டு வழி. முகாமை ஆகஸ்ட் முதல் பிப்ரவரிக்குள் முடிப்பது நல்லது. ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவாரம், அக்டோபர் இரண்டாம் வியாழன் உலகப் பார்வை தினம். இவற்றையொட்டி நடத்தினால் விளம்பரமும் தானாகக் கிடைக்கும். அது முடியாவிட்டால், கண் பணிக்கென ஓர் உறுப்பினரை மூன்றாண்டுக்குப் பொறுப்பாளராக நியமியுங்கள். தலைவர் மாறினாலும் நோட்டு அவரிடம் இருக்கும்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து எண்கள் இருக்க வேண்டும்: வாசலில் பார்த்தவர்கள், முகாமுக்கு வந்தவர்கள், அறுவைக்கு எழுதப்பட்டவர்கள், அறுவை முடித்தவர்கள், மறுபரிசோதனைக்கு வந்தவர்கள். பத்திரிகைச் செய்திக்கு இரண்டாவது எண் போதும். ஆண்டறிக்கையில் ஐந்தையும் அச்சிடுங்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அடுத்த தலைவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் கையில் எடுக்க வேண்டிய பட்டியல்.